வண்டி நிற்கும் இடத்தில் பவர் பிளக் வேண்டும்

பறித்த மல்லிகையும் கத்தரிக்காயும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் பூவும் காய்கறியும் பயிரிடும் சிறு விவசாயி, விளைச்சலில் தோற்பதைவிட விற்பனையில்தான் அதிகம் தோற்கிறார். கமிஷன் போக, இறக்கு கூலி போக, வண்டி வாடகை போக, மிஞ்சுவது என்ன என்று கணக்குப் பார்த்தால், வாடகைதான் பெரும் பங்கை விழுங்கியிருக்கும். டீசல் விலை ஏறும்போதெல்லாம் வாடகை ஏறுகிறது. டீசல் விலை இறங்கினால் வாடகை இறங்குவதில்லை.

இந்த நிலையில்தான் பாட்டரியில் ஓடும் லோடு ஆட்டோக்களும், நம் மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டியின் மின்சார வகைகளும் வந்திருக்கின்றன. வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் விவசாயிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "வழியில் சார்ஜ் தீர்ந்து போனால் என்ன செய்வது, ஐயா?"

கேள்வி நியாயமானது. அதற்குப் பலரும் தரும் பதில், நெடுஞ்சாலையில் வேகச் சார்ஜ் நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன, பொறுத்திருங்கள் என்பதாகும். என் கருத்து வேறு. சிறு விவசாயியின் வண்டிக்கு வேண்டியது வீட்டிலும் கடையிலும் உள்ள சாதாரண 15 ஆம்பியர் பவர் பிளக்தான். அது வண்டி ஓடும் வழியெங்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் இருந்தால் போதும். அதே சமயம், அந்தப் பிளக்கை அலட்சியமாகக் கையாண்டால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து உண்டு. இரண்டையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

வண்டிக்கு எவ்வளவு தீனி?

பாட்டரியின் கொள்ளளவை யூனிட் கணக்கில் சொல்வது வழக்கம். வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்டும் இதுவும் ஒன்றே. மகிந்திரா நிறுவனம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரியோ சோர் என்ற மூன்று சக்கர லோடு ஆட்டோவின் பாட்டரி ஏறத்தாழ 7.4 யூனிட் கொள்ளும். டாட்டா நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகப்படுத்திய மின்சார ஏஸ், அதாவது மின்சாரக் குட்டி யானை, 21.3 யூனிட் கொள்ளும்.

விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே நம்பித் திட்டமிடக் கூடாது. அது சோதனைக் கூடத்து அளவு. பாரம் ஏற்றி, கோடை வெயிலில், மேடு பள்ளமான கிராமச் சாலையில் போகும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதும் என்று எண்ணிக் கொள்வது நல்லது. பாரத்தோடு லோடு ஆட்டோ ஒரு யூனிட்டுக்கு 10 கிலோமீட்டரும், சிறு சரக்கு வண்டி 5 கிலோமீட்டரும் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். காலி வண்டியாகத் திரும்பும்போது இதைவிடச் சற்று அதிகம் கிடைக்கும்.

செலவையும் பார்த்துவிடுவோம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்து, லோடு ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்கு 90 காசு ஆகும். சிறு சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 80 காசு ஆகும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றும், டீசல் குட்டி யானை லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு 5 ரூபாய். இந்த வித்தியாசம்தான் சிறு விவசாயியின் கையில் மிஞ்ச வேண்டிய பணம். ஆனால் சார்ஜ் கிடைக்காமல் வண்டி ஒரு நாள் வழியில் நின்று, ஏற்றிய பூ வாடிவிட்டால், பல நாட்கள் சேர்த்த மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

மோட்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் செலவாகிறது. பவர் பிளக்கில் 13 ஆம்பியர் அளவுக்குத் தொடர்ந்து மின்சாரம் எடுத்தால், 230 வோல்ட்டில் மணிக்கு 3 யூனிட் கிடைக்கும். அதாவது, வண்டியை சார்ஜில் போடுவது என்பது 4 குதிரைத்திறன் மோட்டாரை மணிக் கணக்கில் ஓட்டுவதற்குச் சமம். மிக்சியோ தொலைக்காட்சிப் பெட்டியோ போட்டது போல இதை நினைக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றாலும் பாரம் மூன்று கம்பிகளில் பகிர்ந்து போவதால், ஒவ்வொரு கம்பியிலும் ஓடுவது 7 அல்லது 8 ஆம்பியர்தான். சார்ஜருக்கோ ஒருமுனை மின்சாரம். 13 ஆம்பியரும் ஒரே கம்பியில் ஓடுகிறது. ஆகவே மோட்டாரைவிடச் சிறிய வேலை என்றாலும் கம்பிக்கும் பிளக்குக்கும் ஏறும் சூடு அதிகம். பல இடங்களில் பிளக் கருகுவதற்குக் காரணம் இதுவே.

லோடு ஆட்டோவின் சார்ஜர் மணிக்கு 2 யூனிட் அளவே எடுக்கும். முழுக்கக் காலியான பாட்டரி நிரம்ப 4 மணி நேரம் ஆகும். சிறு சரக்கு வண்டிக்குப் பவர் பிளக்கில் 7 அல்லது 8 மணி நேரம் வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டுப் போட்டால் விடியலுக்குள் தயாராகிவிடும். ஊர் உறங்கிய பிறகு வோல்டேஜும் நன்றாக இருக்கும்.

நிற்கும் நேரமே தீனி நேரம்

மாட்டு வண்டிக் காலத்தில் யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டே தீனி போட்டதில்லை. வண்டி சந்தையில் நின்றபோது, நுகத்தடியிலிருந்து அவிழ்த்து, வைக்கோலும் தண்ணீரும் காட்டினார்கள். அதற்கேற்பச் சாலையோரம் சத்திரமும், தண்ணீர்த் தொட்டியும், தலைச்சுமைக்காரருக்குச் சுமைதாங்கிக் கல்லும் இருந்தன. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் உள்ள கனகம்மாசத்திரம் என்ற ஊர் தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைத் தாங்கியிருக்கிறது. பாட்டரி வண்டிக்கும் அதே முறைதான் பொருந்தும். நின்ற நேரத்தில் தின்ன வேண்டும்.

இது நமக்கு மட்டும் தோன்றும் யோசனை இல்லை. இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாட்டரியில் ஓடும் பால் வண்டிகள் பல்லாயிரம் இருந்தன. பழைய ஈயப் பாட்டரிதான், வேகமும் குறைவு. ஆனாலும் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பி, மறுநாள் வரை சார்ஜில் நின்றன. வேலையின் அளவும் வண்டியின் அளவும், நிற்கும் இடமும் சார்ஜ் ஏற்றும் இடமும் பொருந்தியிருந்ததால் பல ஆண்டுகள் அவை பயன்பட்டன.

நம் பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். திருத்தணியிலிருந்து திருவள்ளூர் 40 கிலோமீட்டர் அளவு. பாரத்தோடு புறப்படும் லோடு ஆட்டோவுக்கு 4 யூனிட் செலவாகும். மிச்சம் 3.4 யூனிட். காலியாகத் திரும்புவதற்கு அது மட்டுமட்டாக இருக்கும்; எதிர்க்காற்று அடித்தாலோ, வழியில் சுற்றிப் போக நேர்ந்தாலோ போதாது. ஆனால் சரக்கு இறக்கி, விற்று, காசு வாங்கும் ஒன்றரை மணி நேரம் வண்டி எப்படியும் நிற்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் ஒரு பவர் பிளக் கிடைத்தால் 2.7 யூனிட் ஏறிவிடும். அச்சமின்றி ஊர் திரும்பலாம்.

1996ஆம் ஆண்டில் தொடங்கிய கோயம்பேடு மொத்த விற்பனை வளாகம் நமக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதற்கு லோடு ஆட்டோ ஏற்றதில்லை. 21 யூனிட் கொள்ளும் சிறு சரக்கு வண்டி பாரத்தோடு போய்ச் சேர 16 யூனிட் ஆகும். மிச்சம் 5 யூனிட்டை வைத்துக்கொண்டு திருத்தணிக்குத் திரும்ப முடியாது. பவர் பிளக்கில் 4 மணி நேரம் நின்றால் ஏறத்தாழ 11 யூனிட் சேரும். 16 யூனிட்டோடு காலி வண்டி தாராளமாகத் திரும்பிவிடும். இரவில் போய் விடியற்காலை வரை அங்கேதானே நிற்கிறோம்? அந்த 4 மணி நேரத்தில் ஒரு பிளக் கிடைக்குமா கிடைக்காதா என்பதில்தான் நம் விவசாயி மின்வண்டி வாங்க முடியுமா முடியாதா என்பது அடங்கியிருக்கிறது.

வேகச் சார்ஜ் நிலையம் போதாதா?

வேகச் சார்ஜ் நிலையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காருக்கும் நீண்ட தூரம் போகும் வண்டிக்கும் அவை தேவை. மின்சாரக் குட்டி யானைக்கும் அவசரத்தில் உதவும். ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் சிறு விவசாயி பின்னுக்குத் தள்ளப்படுவார் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பல லோடு ஆட்டோக்கள் வேகச் சார்ஜை ஏற்கும்படி செய்யப்பட்டவையே இல்லை. நெடுஞ்சாலையில் பல லட்சம் ரூபாய் செலவில் நிலையம் அமைத்தாலும், அதன் குழாய் இந்த வண்டியில் பொருந்தாது. அவற்றோடு கம்பெனியார் கொடுப்பது பவர் பிளக்கில் செருகும் சார்ஜர்தான்.

இரண்டாவது, வேகமாக ஏற்றும் மின்சாரத்துக்கு விலை அதிகம். நிலையம் நடத்துபவர் தன் முதலீட்டையும் அதில் எடுத்தாக வேண்டும். டீசலில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

மூன்றாவது, நிலையம் சாலையில் இருக்கிறது. நம் வண்டி நிற்பதோ சந்தையில். சந்தையில் நின்ற நேரத்தை வீணாக்கிவிட்டு, திரும்பும் வழியில் மறுபடியும் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பது நேரத்தை இரண்டு முறை செலவழிப்பதாகும்.

பவர் பிளக் அமைக்க ஆகும் செலவோ மிகக் குறைவு. சிறு மின்வண்டிகளுக்காக 3 கிலோவாட் வரை மின்சாரம் தரும் எளிய சார்ஜ் முனை ஒன்றை உருவாக்கி, 3,500 ரூபாய் அளவில் கிடைக்கச் செய்வதை இலக்காக வைத்து மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் திட்டம் அறிவித்தது. இந்திய தர நிர்ணய அமைவனமும் அதற்கான தரநிலையை வெளியிட்டது. கம்பி, மீட்டர், பாதுகாப்புச் சாதனம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வேகச் சார்ஜ் நிலையத்துக்கு ஆகும் பணத்தில் பல சந்தைகளுக்குப் பிளக் வைத்துவிடலாம்.

இலவச மின்சாரத்தில் கை வைக்காதீர்கள்

"வீட்டு மீட்டரில் போட்டால் பில் ஏறுகிறது. பம்ப்செட் கரண்டு சும்மாதானே கிடக்கிறது, அதில் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்டிப்பாகக் கூடாது என்பதே என் பதில்.

விவசாயத்துக்கான மின்சாரம் பாசனத்துக்கென்று கொடுக்கப்படுவது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, ஒரு காரியத்துக்காகக் கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். எந்த நாளிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று தெரியாவிட்டால் கடந்த 12 மாதங்களுக்கும் கணக்கிடலாம். 135ஆம் பிரிவின்படி மின் திருட்டு வழக்காகவும் அது மாறக்கூடும்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மின் கட்டணத்தைக் குறைக்கக் கோரி 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் உண்டு. அதன் பின்னர் 1984ஆம் ஆண்டில் சிறு விவசாயிகளுக்கும், 1990ஆம் ஆண்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அந்த மின்சாரத்தில் வாடகை வண்டி ஓடுகிறது என்ற பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால், சலுகையையே குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்ததாகும்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்போது வோல்டேஜ் ஒரு முனையில் ஏறியும் மறு முனையில் இறங்கியும் இருக்கும். நியூட்ரல் கம்பி சரியில்லாத பம்ப்செட் பலகையில் சார்ஜரைச் செருகினால், 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரை பாய்ந்து சார்ஜர் கருகிவிடலாம். புதிய சார்ஜர் வாங்கும் பணத்துக்குப் பல மாத வீட்டு பில்லைக் கட்டிவிடலாம்.

வீட்டு இணைப்பில் நம் சொந்த வண்டிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்துறை 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சிறிய வீட்டுக்கு வாங்கிய மின்பளு போதாது. வண்டி வாங்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்பளுவை 3 கிலோவாட்டாவது கூட்டிக் கொள்ளுங்கள். வண்டியை வாடகைக்கு ஓட்டுவதானால் எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

டீக்கடைக்காரரும் கொடுக்கலாம்

வெளியூரில் கடைக்காரரையோ தெரிந்தவரையோ பிளக் கேட்டால், "கரண்டு விற்கக் கூடாது, கேஸ் ஆகிவிடும்" என்று அவர் தயங்குவார். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி விளக்கம் அளித்திருக்கிறது. வணிக இணைப்பு உள்ள டீக்கடை, சைக்கிள் கடை, உரக்கடை ஆகியவை பவர் பிளக் வைத்துக் காசு வாங்கிக் கொள்ளலாம்.

கேட்கும் முறை என்று ஒன்று உண்டு. "அண்ணே, ரெண்டு மணி நேரம் வண்டியை சார்ஜில் போட்டுக்கட்டுமா? யூனிட்டுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, கொடுத்துடறேன்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறு மீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. 16 ஆம்பியர் தாங்கும் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக் கொண்டால், எத்தனை யூனிட் ஏறியது என்று இருவருக்கும் தெரியும். கொடுப்பவருக்கும் சந்தேகம் இருக்காது, வாங்குபவருக்கும் மனக்குறை இருக்காது. அடுத்த முறை அவரே கூப்பிட்டுப் பிளக் கொடுப்பார்.

பிளக்கில் செருகுமுன்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நமக்கு அருகில் உள்ள வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் மூச்சுத் திணறி இருவர் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் நடந்த தீ விபத்துகளுக்குப் பின் மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய விதிக்கு முன் தயாரான பழைய வண்டியை விலை மலிவு என்று வாங்க வேண்டாம். பாட்டரியை விதி கவனித்தாலும், பிளக்கை நாம்தான் கவனிக்க வேண்டும். அதற்கான வழிகள் இவை:

1. பெரிய மூன்று துளைகள் உள்ள பவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 5 ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் செருகி வைத்து ஒருபோதும் போடாதீர்கள். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 1293 முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

2. எர்த் இருக்கிறதா என்று தெரிந்து கொள்ளாமல் செருகாதீர்கள். மூன்று சிறு விளக்குகள் உள்ள பிளக் சோதிப்பான் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எர்த் கம்பியே இல்லையென்றால் அது உடனே காட்டிக் கொடுக்கும். எர்த் இல்லாத இடத்தில் ஈரத் தரையில் நின்று வண்டியைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

3. நம் வீட்டில் வண்டிக்கென்று தனிக் கம்பி இழுத்துவிடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி குறைந்த அளவு. தூரம் அதிகம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வையுங்கள்.

4. நீட்டிப்புக் கம்பி தேவைப்பட்டால் அதுவும் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி உள்ளதாக இருக்கட்டும். சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் உள்ளே சூடேறி உருகிவிடும்.

5. செருகிக் கால் மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

6. வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, உர மூட்டை ஆகியவற்றுக்கு அருகில் போடாதீர்கள். வீட்டு வாசலை அடைத்துக் கொண்டும் நிறுத்தாதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி வேண்டும்.

7. கோடையில் வானிலை அறிக்கையில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதை அறிவீர்கள். 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பாட்டரியின் ஆயுள் கூடும்.

எல்லைக்கு அப்பால்

திருத்தணி 1960ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் நம் சந்தைக்கு எல்லைக்கோடு கிடையாது. நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் நம் பூ போகிறது. அங்கிருந்தும் சரக்கு வருகிறது. அங்கேயும் அதே 230 வோல்ட், அதே மூன்று துளைப் பவர் பிளக்தான். மின்வண்டி வைத்திருப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி அறிவிக்கை வெளியிட்டது. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை மட்டும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகை போன்ற விழா நாட்களில் வழியில் பிளக் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். புஷ்பக் காவடிக்குப் பூ தேவை மிகுந்திருக்கும் அந்த நாட்களில்தான் கூட்டமும் அதிகம், மின்பளுவும் அதிகம். முதல் நாள் இரவே முழுச் சார்ஜ் ஏற்றி, குறைந்த தூரத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். மலைப் பாதையில் பாரத்தோடு ஏறும்போது சார்ஜ் விரைவாக இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்?

தினமும் 60 கிலோமீட்டருக்குள் போய்வரும் பூ, காய்கறி, பால் வியாபாரத்துக்கு லோடு ஆட்டோ ஏற்றது. வாரத்தில் சில நாள் மட்டும் சரக்கு உள்ள தனி விவசாயி கடன் வாங்கி வண்டி வாங்க வேண்டாம். வண்டி ஓடினால்தான் டீசல் மிச்சம். நின்றால் தவணை மட்டும்தான் ஓடும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமோ ஒரு வண்டி வாங்கி முறை வைத்து ஓட்டுவது நல்லது. கரும்பு போன்ற பெரும் பாரத்துக்கு இந்த வண்டிகள் உதவா. மாலை வேளையில் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் ஊராக இருந்தால், முதலில் மின்வாரியத்திடம் டிரான்ஸ்பார்மரைப் பற்றி மனு கொடுங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

செய்ய வேண்டியவர்கள் யார்?

உழவர் சந்தைகள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், பால் கூட்டுறவுச் சங்கங்கள், கோயம்பேடு போன்ற மொத்த விற்பனை வளாகங்கள், கோயில் வண்டி நிறுத்தங்கள் ஆகிய இடங்களில் எல்லாம் நம் வண்டிகள் மணிக் கணக்கில் நிற்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் கூரையின் கீழ், எர்த் போட்டு, மீட்டர் வைத்து, நான்கு பவர் பிளக்குகள் அமைத்தால் போதும். நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 12 கிலோவாட்தான். மூன்று முனைகளிலும் பகிர்ந்து போட்டுவிட்டால், மூன்று பம்ப்செட்டுக்கு உரிய மின்பளு. இதற்காகப் பெரிய நிலையமோ தனி டிரான்ஸ்பார்மரோ வேண்டிய இடங்கள் குறைவாகவே இருக்கும்.

சந்தைக்குச் சரக்கு கொண்டுவருபவர் விவசாயி. நிழற்கூரையும் குடிநீரும் எப்படி அவருடைய உரிமையோ, அப்படியே காசு கொடுத்துப் பெறும் ஒரு பிளக்கும் அவருடைய உரிமை என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே, அடுத்த கிராமசபைக் கூட்டத்திலும், மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், "எங்கள் சந்தையில் 15 ஆம்பியர் பவர் பிளக் நான்கு வையுங்கள், மீட்டர் காட்டும் காசைக் கொடுத்துவிடுகிறோம்" என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் கொடுக்கும் மனுவைவிட ஊரார் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்குப் பலன் அதிகம். சந்தையில் பிளக் வந்த பிறகு வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம்.